16ஆம் நாள் வரை தடித்த புத்தகம் வேண்டாம்

சாவு நடந்த வீட்டுக்குப் புத்தகம் கொண்டுபோகிறவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் தவறுகிறார்கள். பால் தெளித்த மறுநாளே 300 பக்க ஆறுதல் நூல் ஒன்றை நீட்டிவிடுகிறார்கள். அந்தப் புத்தகம் நல்ல புத்தகமாகவே இருக்கலாம். ஆனால் அது வரவேண்டிய நாள் இன்னும் வரவில்லை.

வட ஆற்காட்டில் துக்கத்துக்கு நாள்கணக்கு உண்டு. 2ஆம் நாளோ 3ஆம் நாளோ பால், 16ஆம் நாள் காரியம் (சில வீடுகளில் 11, சிலவற்றில் 13), பிறகு மாதப் படையல், வருஷம் திரும்பினால் தலைதிவசம். 1989-ல் மாவட்டம் இரண்டாகி, 2019-ல் வேலூரும் மூன்றாகிவிட்டது. இந்தக் கணக்கை மட்டும் யாரும் மாற்றவில்லை. புத்தகத்தையும் இதே கணக்கில் வைத்துக் கொடுத்தால் பாதிப் பிழை தானாக நீங்கிவிடும்.

முதல் இரண்டு வாரம் துக்கக்காரரால் ஒரு பக்கத்தைத் தாண்ட முடியாது. தூக்கம் கெட்டிருக்கும். பத்து நிமிஷத்துக்கு ஒருவர் துக்கம் விசாரிக்க வருவார். ஒரே வரியைக் கண் நான்கு தடவை மேய்ந்திருக்கும், மனசில் ஒன்றும் நின்றிருக்காது. அதனால் அந்த நாட்களுக்கு உகந்தவை மூன்று குணம் கொண்டவை: சின்னதாக இருக்கவேண்டும், வாய்விட்டுப் படிக்கும்படி இருக்கவேண்டும், வீட்டில் யாருக்காவது முன்பே பாதி மனப்பாடமாக இருக்கவேண்டும். புதிதாக எதையும் புரிந்துகொள்ளச் சொல்லாத எழுத்துதான் அப்போது உதவும்.

சைவ வீடுகளில் சிவபுராணம் படிக்கப்படுவது இதனால்தான். 95 அடி. நிதானமாகப் படித்தால் பத்து நிமிஷத்துக்குள் முடிந்துவிடும். வாங்கும்போது விலையைப் பார்க்காமல் எழுத்தின் அளவைப் பாருங்கள். இனாமாகக் கொடுக்கும் கையடக்கப் பதிப்புகள் பலவற்றில் எழுத்து பொடியாக இருக்கும், சீர் பிரிக்காமல் அச்சிட்டிருப்பார்கள். விளக்கு வெளிச்சத்தில் அழுத கண்ணோடு படிக்கிறவர் மூன்றாவது வரியிலேயே தடுமாறுவார். பதம் பிரித்து, பெரிய எழுத்தில் உள்ளதை இரண்டு படி வாங்குங்கள். ஒருவர் படிக்க, இன்னொருவர் தொடர.

கிறிஸ்தவ வீடு என்றால் எந்தச் சபை என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். 23ஆம் சங்கீதம் எல்லாருக்கும் பொதுதான், ஆனால் சொற்கள் வேறு. பழைய புரோட்டஸ்டண்ட் மொழிபெயர்ப்பில் ‘கர்த்தர் என் மேய்ப்பராயிருக்கிறார், நான் தாழ்ச்சியடையேன்’ என்று வளர்ந்த பாட்டியிடம் ‘ஆண்டவரே என் ஆயர், எனக்கேதும் குறையில்லை’ என்று கத்தோலிக்கரின் பொது மொழிபெயர்ப்பைப் படித்தால், கூடவே சொல்ல வாயெடுத்தவர் பாதியில் நின்றுவிடுவார். அர்த்தம் ஒன்றுதானே என்பது நமக்கு. அவருக்கு அது வேறு பாட்டு. வாணியம்பாடி, ஆம்பூர், மேல்விஷாரம் பக்கம் யாசீன் ஓதும் வீடுகளில் (36ஆம் அத்தியாயம், 83 வசனம்) ஓதுதலுக்கு நம் உதவி தேவைப்படாது. பிறகு பொருளோடு படிக்க விரும்புகிறவருக்கு மொழிபெயர்ப்பு கொடுக்கலாம், அதுவும் அந்த வீடு உருது பேசும் வீடா தமிழ் பேசும் வீடா என்று தெரிந்துகொண்டு.

தாயை இழந்த மகனுக்குப் பட்டினத்தார் பாடல்களைக் கொடுக்கும் வழக்கம் உண்டு. ‘ஐயிரண்டு திங்களாய் அங்கமெல்லாம் நொந்து பெற்று’ என்று தொடங்கும் 10 பாடல்கள். கொள்ளி வைத்துவிட்டு வந்தவனுக்கு அதைவிட நெருக்கமான எழுத்து தமிழில் குறைவு. ஆனால் தாய்க்கும் மகனுக்கும் பேச்சுவார்த்தையே இல்லாமல் இருந்து அவர் போயிருந்தால், அந்தப் பாடல்கள் ஆறுதலாக இருக்காது, குற்றப் பத்திரிகை மாதிரி விழும். அப்படிப்பட்டவரிடம் இப்போதைக்கு எதுவும் கொடுக்காமல் இருப்பது மேல். அதே பட்டினத்தாரின் நிலையாமைப் பாடல்களும், திருமந்திரத்தில் ‘பேரினை நீக்கிப் பிணமென்று பேரிட்டு’ என்று வரும் பாட்டும் உண்மைதான். ஆனால் பெயர் நீங்கிப் பதினைந்து நாள்கூட ஆகாத வீட்டில் படிக்கிற உண்மை இல்லை.

இந்த வட்டாரத்துக்கென்றே துக்க நூல் ஒன்று இருக்கிறது. பலர் அதைப் புத்தகமாகவே எண்ணுவதில்லை. அது கர்ண மோட்சம் என்னும் தெருக்கூத்து.

காரியத்துக்கு முந்தின இரவு கூத்து விடும் வீடுகளில் இதுதான் நடக்கும். ராத்திரி 10 மணிக்கு மேல் தொடங்கி, விடியும் நேரத்தில் கர்ணன் விழுவான். பாரதப் போரின் 17ஆம் நாள். போருக்குப் போகும் முன் மனைவி பொன்னுருவியிடம் விடைபெறப் போகிறான். அவளோ அவன் பிறப்பைச் சொல்லி இழிவாகப் பேசுகிறாள். கடைசியில் அம்பு பாய்ந்து கிடப்பவனிடம் கிருஷ்ணன் வேதியராக வந்து செய்த புண்ணியத்தையெல்லாம் கேட்க, ரத்தத்தையே நீராகத் தாரை வார்க்கிறான். பிறகு குந்தி ஓடிவந்து மகனை மடியில் போட்டு அழுகிறாள். அவன் யார் பிள்ளை என்பது அப்போதுதான் ஊருக்குத் தெரிகிறது.

கொடையாளியின் கதை என்பதால் மோட்சத்துக்கு ஆகும் என்று சொல்வார்கள். அது சரி. ஆனால் துக்கத்தின் பக்கமிருந்து பார்த்தால் வேறு இரண்டு காரணம் தெரிகிறது. பொன்னுருவி கட்டம், சண்டை தீராமலே போன கடைசிப் பேச்சைப் பற்றியது. ‘அன்னைக்குக் காலையில அப்படிப் பேசாம இருந்திருக்கலாம்’ என்று எல்லாச் சாவு வீட்டிலும் ஒருவராவது உள்ளுக்குள் சொல்லிக்கொண்டிருப்பார். அவருக்கு அந்தக் கட்டம். குந்தியின் ஒப்பாரியோ, உயிரோடு இருக்கும்போது சொல்லாத உறவைச் செத்த பிறகு சொல்லி அழுவது. கர்ணனுக்காக அழுவதாகச் சொல்லிக்கொண்டு தன் ஆளுக்காக அழ இடம் கிடைக்கிறது. 15 நாள் சமையலும் விருந்தாளியுமாகக் கிடந்த பெண்களுக்கு அந்த இடம் பெரிது.

இதில் கெட்டுப்போவது பெரும்பாலும் நேரத்தால். மூன்று மணி நேரத்தில் முடித்துக்கொடுங்கள் என்று கேட்டால் சண்டைக் காட்சியை வைத்துக்கொண்டு முதலில் கத்தரிப்பது பொன்னுருவியைத்தான். ஜமாவுக்கு (கூத்துக் குழுவுக்கு) அச்சாரம் கொடுக்கும்போதே அந்தக் கட்டம் முழுசாக வேண்டும் என்று வாத்தியாரிடம் சொல்லிவிடுங்கள். சுருக்கித்தான் ஆகவேண்டும் என்றால் போரைச் சுருக்கலாம். அடுத்தது கட்டியக்காரன், கூத்தில் சிரிக்கவைக்கும் கோமாளி. சாவு வீட்டில் என்ன சிரிப்பு என்று நகரத்திலிருந்து வந்த உறவினர் யாராவது தடுக்கப் பார்ப்பார்கள், தடுக்கவேண்டாம். எட்டு மணி நேரம் ஒரேயடியாக அழ யாராலும் முடியாது, இடையில் மூச்சு விட அவன் வேண்டும். ஆனால் இறந்தவர் எப்படி இறந்தார் என்பதை அவனிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள். கயிறோ மருந்தோ லாரியோ என்று தெரியாமல் அடிக்கிற ஒரு ஜோக் அந்த இரவையே நாசமாக்கிவிடும்.

கூத்து விட வசதியில்லாதவர்கள், ஊரை விட்டுத் தள்ளி இருப்பவர்கள் புத்தகமாகப் படிக்கலாம். கர்ணன் கதை பெரிய எழுத்துப் புத்தகமாகவும் அச்சில் வந்திருக்கிறது. மௌனமாகப் படித்தால் ‘என்ன இது, சொன்னதையே சொல்கிறது’ என்று தோன்றும். காரணம் அதன் கட்டு: ஒரே சேதி முதலில் விருத்தமாக (தாளமில்லாமல் இழுத்துப் பாடும் செய்யுள்) வரும், பிறகு தருவாக (தாளத்தோடு பாடும் பாட்டு) வரும், பிறகு வசனமாக வரும். மேடையில் இந்த மூன்றும் வேறு வேறு வேலை செய்யும், தாளில் மூன்றும் ஒன்றுபோல் தெரியும். முதலில் வசனத்தை மட்டும் படித்துக் கதையைப் பிடித்துக்கொண்டு, பிறகு தருவை வாய்விட்டுப் படியுங்கள். விருத்தத்தைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளலாம்.

அதே வரிசையில் விற்கும் நல்லதங்காள் கதையை மட்டும் குழந்தை இறந்த வீட்டுக்கோ, தற்கொலை நடந்த வீட்டுக்கோ கொண்டுபோகாதீர்கள். ஏழு பிள்ளைகளையும் கிணற்றில் தள்ளித் தானும் விழும் கதை அது. ஒப்பாரி ருசிக்காக அதை எடுத்துப் படிக்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

16 முடிந்ததும் பந்தலைப் பிரித்துவிடுவார்கள். வாடகை நாற்காலியும் போய்விடும். வீடு காலியாவது அப்போதுதான், படிக்கக் கை நீளுவதும் அப்போதுதான்.

அந்த நேரத்துக்குப் புறநானூற்றின் கையறுநிலைப் பாடல்களை, அதாவது இறந்தவரை நினைத்து இரங்கும் பாடல்களை முன்வைப்பேன். உ.வே.சா. 1894-ல் பதிப்பித்த 400 பாட்டில் (267, 268 கிடைக்கவில்லை) துக்கம் பேசுபவை ஒரு நல்ல பங்கு. முழுத் தொகையையும் தூக்கிக் கொடுத்தால் யாரும் திறக்கமாட்டார்கள். ஐந்து பாட்டைத் தேர்ந்து, பதம் பிரித்து, ஒரு தாளுக்கு ஒரு பாட்டாக, கீழே நாலு வரி உரையோடு எழுதியோ அச்செடுத்தோ கொடுங்கள். மதுரைத் திட்டம் என்னும் இணைய நூல் தொகுப்பில் மூலம் இலவசமாகவே கிடைக்கிறது. மாவட்ட மைய நூலகத்தில் உரைப் பதிப்புகளைக் கேட்டுப் பாருங்கள்.

மனைவியை இழந்தவருக்கு 245. சேரமான் கோட்டம்பலத்துத் துஞ்சிய மாக்கோதை பாடியது. இந்தத் துயரம் எவ்வளவு பெரிதாக இருந்தால்தான் என்ன, என் உயிரைக் கொல்லும் வலிமை அதற்கு இல்லையே என்று தொடங்கி, அவளைத் தீயில் கிடத்திவிட்டு ‘இன்னும் வாழ்வல் என்இதன் பண்பே’ என்று முடிகிறது. சாப்பிட்டோம், தூங்கினோம், சவரம் பண்ணிக்கொண்டோம் என்று தன்மேலேயே கூசிப்போகும் மனுஷனுக்கு இதைவிட நேரான பேச்சு கிடைக்காது. அதில் வரும் கள்ளி முளைத்த களர்நிலச் சுடுகாட்டுக்குப் பாலாற்றங்கரைக்காரர்களிடம் அரும்பதவுரை சொல்லவேண்டியதில்லை.

தகப்பனை இழந்து, வீடோ நிலமோ சேர்ந்து போனவர்களுக்கு 112. பாரி மகளிர் பாடியது. ஐந்தே அடி. போன மாதத்து நிலவொளியில் தந்தையும் இருந்தார், குன்றும் இருந்தது. இந்த மாதத்து நிலவொளியில் இரண்டும் இல்லை. 30ஆம் நாள் படையலுக்கு முன் கொடுக்கலாம். வயதானவர் கூட்டாளியை இழந்திருந்தால் 243: குளத்தில் குதித்து அடிமணலை அள்ளிக் காட்டிய இளமை எங்கே, இருமலுக்கு நடுவே சில சொல் பேசும் இந்தக் கிழப்பருவம் எங்கே என்று கேட்கும் பாட்டு. ஒரு வீட்டில் சாப்பறை, ஒரு வீட்டில் மணமுழவு என்னும் 194-ஐப் பக்கத்து வீட்டுக் கல்யாண ஒலிபெருக்கி கேட்கும் துக்கக்காரர் உடனே பிடித்துக்கொள்வார்.

256-ல் கணவனை இழந்தவள் குயவனிடம் பேசுகிறாள். வண்டிச் சக்கரத்து ஆரத்தில் ஒட்டிக்கொண்டு வந்த சிறு வெண்பல்லி போல அவனோடு வழியெல்லாம் வந்தவள் நான், தாழியை எனக்கும் சேர்த்து அகலமாக வனை என்கிறாள். அழகில் இதற்கு ஈடு சொல்வது கடினம், ஆபத்தும் அங்கேயே இருக்கிறது. புதிதாகக் கணவனை இழந்து தனியாக இருக்கும் பெண்ணிடம் இதைக் கொடுப்பதற்கு முன் இரண்டு தடவை யோசியுங்கள். தீப்பாயப் போகும் பெருங்கோப்பெண்டின் 246-ஐக் கொடுக்கவே வேண்டாம். வீரமாகப் படிக்கிற வகுப்பறை வேறு, இது வேறு. ‘நானும் போயிட்டா தேவலை’ என்ற பேச்சு திரும்பத் திரும்ப வந்தால் அங்கே வேலை புத்தகத்துக்கு இல்லை, மனநல மருத்துவருக்கு. வேலூரில் அதற்கு அலையவேண்டியதும் இல்லை.

கதைகளும் நாவல்களும் இன்னும் தள்ளி, மூன்று மாதம் போகட்டும். நீண்ட நாள் படுக்கையில் கிடந்தவரைப் பார்த்துக்கொண்டவருக்குப் புதுமைப்பித்தனின் ‘செல்லம்மாள்’. சாவு முதல் வாக்கியத்திலேயே நடந்துவிடுகிறது, பிறகு கதை பின்னால் போகிறது. பிழைப்பாரா மாட்டாரா என்ற பதைப்பு வாசகருக்கு இல்லை என்பதால் பணிவிடையின் சின்னச் சின்ன வேலைகளில் கண் தங்கும். அதைச் செய்து முடித்தவர் அங்கே தன்னைப் பார்த்துக்கொள்வார். டால்ஸ்டாயின் ‘இவான் இலியீச்சின் மரணம்’ (1886, 12 அத்தியாயம்) தமிழிலும் உண்டு. வேலூர் சி.எம்.சி. போன்ற பெரிய ஆஸ்பத்திரிகளின் தாழ்வாரத்தில் காத்திருப்பவர்களுக்கு இதைப் பரிந்துரைக்கிறவர்கள் இருக்கிறார்கள். நோயாளி தானாகக் கேட்டாலொழிய அவர் கைக்குக் கொடுக்காதீர்கள், உடனிருப்பவருக்குக் கொடுங்கள். எல்லாரும் சரியாகிவிடும் என்று பொய் சொல்லும்போது, வேலைக்காரன் கெராசிம் மட்டும் பொய் சொல்லாமல் அவர் காலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் பகுதியை மட்டும் படித்தாலும் போதும்.

உள்ளூர் நாவல் வேண்டுமென்றால் மு.வ.வின் ‘அகல் விளக்கு’ (சாகித்திய அகாதெமி, 1961). வாலாசாவில் கூடப் படித்த நண்பன் சந்திரன் கண்ணெதிரே சீரழிந்து, நோயில் விழுந்து சாவதை வேலய்யன் சொல்வது. நண்பனை இழந்தவனுக்குக் காரியத்தில் இடமில்லை, தீட்டும் இல்லை, யாரும் அவனிடம் துக்கம் கேட்பதில்லை. அப்படிப்பட்டவனுக்கு இந்த நாவல். இடையிடையே அறிவுரை நீளும். அந்தப் பக்கங்களைத் தாண்டிப் போனால் குற்றமில்லை. சாவு வீட்டை இன்னொரு பக்கத்திலிருந்து பார்க்க, பேரணாம்பட்டுக்காரரான அழகிய பெரியவனின் ‘வல்லிசை’. பறையைப் பற்றிய அந்த நாவல் துக்கத்துக்கு மருந்து ஆகாது. யார் வீட்டுச் சாவுக்கு யார் அடிக்கவேண்டியிருந்தது என்ற கேள்வி அதில் இருக்கிறது. ஒரு வருஷம் கழித்துப் படிக்கலாம்.

ஆறுதல் நூல்களில் அடிக்கடி வரும் ‘துக்கத்தின் ஐந்து படிகள்’ (மறுப்பு, கோபம், பேரம், மனச்சோர்வு, ஏற்பு) பற்றி ஒரு வார்த்தை. எலிசபெத் கூப்ளர்-ராஸ் 1969-ல் எழுதியது சாகப்போகும் நோயாளிகளிடம் பேசிப் பார்த்து. பின்னால் அதை இழந்தவர்களுக்கும் பொருத்திவிட்டார்கள். ‘எனக்கு இன்னும் கோபமே வரலையே, ஏதாவது தப்பா’ என்று கவலைப்படுகிறவரை அந்தப் பட்டியல்தான் உண்டாக்குகிறது. படி எல்லாருக்கும் அதே வரிசையில் வராது என்று சொல்லாத நூல் என்றால் விட்டுவிடுங்கள்.

குழந்தைகள் இருக்கும் வீட்டில் திருக்குறளிலும் கவனம் வேண்டும். நிலையாமை அதிகாரத்து ‘உறங்கு வதுபோலுஞ் சாக்காடு’ (339) பெரியவர்களுக்கு ஆறுதல். ஐந்து வயதுப் பிள்ளையிடம் ‘தாத்தா தூங்குறாரு’ என்று சொன்னால் அது தூங்கவே பயப்படத் தொடங்கும், அம்மா கண்ணயர்ந்தால் உலுக்கி எழுப்பும். ‘செத்துட்டாரு, இனிமே மூச்சு விடமாட்டாரு, பசிக்காது, வலிக்காது, திரும்பி வரமாட்டாரு’ என்று நேராகச் சொல்வதே நல்லது. கதைப் புத்தகம் வாங்கினாலும் இறந்த பாத்திரம் கடைசிப் பக்கத்தில் உயிரோடு திரும்பாத கதையா என்று பார்த்து வாங்குங்கள்.

கடைசியாக, வீட்டார் தாங்களே போடும் நினைவு மலர். பலர் 16ஆம் நாள் படத்திறப்பன்றே கொடுத்துவிட அவசரப்படுகிறார்கள். அந்த நாட்களில் யாருக்கும் மெய்ப்புப் பார்க்கும் நிதானம் இருக்காது. படத்திறப்புக்கு ஒரு மடிப்புத் தாள் போதும். மலரைத் தலைதிவசத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள், வருஷம் முழுக்கச் சேதி சேரும். நடுவில் பின் அடிக்கும் புத்தகத்தில் பக்கங்கள் நாலின் மடங்காகத்தான் வரும்: 16, 20, 24. டெமி அளவில் 16 பக்கம் தாராளம். உள்தாள் 80 ஜி.எஸ்.எம்., அட்டை 250 அல்லது 300. படத்தை வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் அளவு சுருங்கிப் போகும், டாக்குமெண்டாக அனுப்பச் சொல்லுங்கள். 4 அங்குல அகலத்துக்கு 300 டி.பி.ஐ. என்றால் 1,200 பிக்சல் வேண்டும். நீங்கள் யூனிகோடில் தட்டச்சு செய்ததைப் பழைய எழுத்துருவுக்கு மாற்றும் அச்சகத்தில் கொம்பும் காலும் இடம் மாறிவிடும். மாற்றிய பிறகு ஒருமுறை முழுக்கப் படிக்காமல் அச்சுக்கு விடாதீர்கள்.

உள்ளே என்ன எழுதுவது என்பதில்தான் பலர் திணறி, ‘பண்பின் சிகரம், பாசத்தின் இமயம்’ என்று நிரப்புகிறார்கள். முன்மாதிரி இரண்டு இருக்கிறது. ஒன்று, அதியமானுக்கு ஔவை பாடிய புறநானூறு 235. கள் கொஞ்சம் கிடைத்தால் எங்களுக்குக் கொடுத்துவிடுவான், நிறையக் கிடைத்தால் எங்களைப் பாடவைத்துத் தானும் குடிப்பான் என்று சின்னச் சின்னப் பழக்கங்களாக அடுக்கி, ஒவ்வொன்றின் முடிவிலும் ‘மன்னே’ என்கிறது. போய்விட்டதே என்ற கழிவு அந்த ஒரு இடைச்சொல்லில் அடங்கிவிடுகிறது. டீயை எப்படி ஆற்றிக் குடிப்பார், எந்தப் பஸ்ஸுக்கு எத்தனை மணிக்கு நிற்பார் என்று அதே மாதிரி பத்து வரி எழுதச் சொல்லுங்கள், ஒரு பேரன் ஒரு வரி, ஒரு மருமகள் ஒரு வரி. மற்றது, பழைய வட ஆற்காட்டின் செங்கம் வட்டாரத்து நடுகற்கள், சண்டையில் பட்ட வீரருக்கு நட்ட கற்கள். எந்த அரசனின் எத்தனையாவது ஆண்டு, யாருடைய ஆள், எந்த எருமைக்காக நின்று பட்டான் என்பதோடு சரி. ஒரு பெயரடைகூட அதிகம் இருக்காது. எடுத்தனூரில் மகேந்திரவர்மனின் 34ஆம் ஆண்டுக் கல்லில் வீரனோடு ஒரு நாயும் செதுக்கப்பட்டிருக்கிறது. கோவிவன் என்ற அந்த நாய் இரண்டு திருடரைக் கடித்துக் காத்து நின்றது என்று எழுதியிருக்கிறார்கள். ஏறத்தாழ 1,400 வருஷமாகியும் அந்த நாயின் பெயர் இருக்கிறது.

மெய்ப்பை மூன்று பேரிடம் கொடுங்கள். அப்பா வழியில் ஒருவர், அம்மா வழியில் ஒருவர். விடுபட்ட பெயரை அவரவர் பக்கத்து ஆள்தான் கண்டுபிடிப்பார், அது அச்சான பிறகு தெரிந்தால் அடுத்த கல்யாணம் வரை பேச்சுவார்த்தை இருக்காது. மூன்றாமவர் தேதிகளை மட்டும் பார்க்கட்டும், இறப்புச் சான்றிதழைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு.